ஏரம்பரின் இடப்பக்கம்

இரண்டு உள்ளங்கைகளையும் காரின் முன் மட்காட்டில் ஊன்றி, மூன்று தரம் அமுக்கிவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்கிறார் ஏரம்பர். குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவு லோஞ்சுப் படகு வந்து சேர்ந்து, சனம் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி ஓடுகிறது. யாழ்ப்பாண பஸ்காரன் கோன் அடித்து எல்லாரையும் அவசரப்படுத்துகிறான். ஏரம்பருக்கு அவசரம் கிடையாது. மூன்று அமுக்கு, ஒரு சாய்வு, அதற்குப் பிறகு ஒரு வெற்றிலைத் துப்பல். "சரி, இவன் இண்டைக்கும் ஓடுவான். ஏறுங்கோ" என்கிறார்.

'இவன்' என்பது ஐம்பத்துமூன்றாம் ஆண்டு ஒஸ்ரின் ஏ-40. ஏரம்பர் ஐம்பத்தெட்டு வயது ஒல்லி மனிதர். காக்கிச் சட்டையின் ஒரு பையில் வெற்றிலைச் சரை, மற்றப் பையில் ஒரு பழைய பிளக். சாரத்தை மடித்துக் கட்டாமல் ஸ்ரியறிங்கைத் தொடமாட்டார். முன் கண்ணாடிக்கு மேலே நயினாதீவு அம்மனும் அந்தோனியாரும் அருகருகே இருக்கிறார்கள். "அம்மாளாச்சி தாம்போதி மட்டும் பாப்பா. அங்காலை ஊர்காவற்றுறை மட்டும் அந்தோனியாற்றை பொறுப்பு" என்று வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். தன்னைப் பற்றிக் கேட்டால், "எனக்கும் முழங்கால் போச்சுது, இவனுக்கும் முழங்கால் போச்சுது. ஆரை ஆர் தூக்கிறதெண்டுதான் பிரச்சினை" என்பார்.

கார் ஓட்டும்போது இடது தோளை முன்னே தள்ளி, கழுத்தை வளைத்துக்கொண்டிருப்பார். பார்க்கிறவர்களுக்கு முன் சீற்றில் இருப்பவரோடு ஏதோ இரகசியம் பேசுவதுபோல் தெரியும். அந்த முன் சீற்றில் ஒன்பது வருடமாக இருப்பவன் நான்தான்.

நான் புளியங்கூடலில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பஸ் இல்லாமலில்லை. ஆனால் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போய் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் முன்னால் இறங்குவதற்கு மானம் இடம் தரவில்லை. ஆகவே காலையில் லோஞ்சு வந்ததும், ஆறு பேரை அடைத்துக்கொண்டு புறப்படும் ஏரம்பரின் காரில் முன்னுக்கு ஏறிக்கொள்வேன். 'மாஸ்டரின்ரை சீற்' என்று அதற்குப் பெயர். நான் வராத நாட்களிலும் அதில் ஆட்கள் தயங்கித்தான் இருப்பார்களாம். இதை நான் என் மனைவியிடம் ஒரு தரத்துக்கு மேல் சொல்லியிருக்கிறேன்.

பின் சீற்றில், ஏரம்பருக்கு நேர் பின்னால், மரியமுத்து. நெடுந்தீவில் இருந்து கருவாடு நிறைந்த ஓலைக் கடகத்தோடு வாரத்தில் நாலு நாள் வருகிறவர். இறங்கும் இடம் வரும்போது ஏரம்பரிடம் சொல்லமாட்டார். முன்னே எட்டி என் தோளைத் தட்டி, "மாஸ்டர் ஐயா, சாட்டி முடக்கிலை இறக்கச் சொல்லுங்கோ" என்பார். நான் ஏரம்பரிடம் சொல்வேன். படித்த மனிதன் ஊடாகப் பேசுவதுதான் முறை என்று அந்த அம்மா நினைக்கிறார் என்று எனக்கு உள்ளூர ஒரு புளகாங்கிதம். இதையும் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

போன ஆனியில் காரின் முன்பக்கம் 'கடக்' என்று ஒரு சத்தம் பிறந்தது. முதலில் பெரிய குழிகளில் மட்டும் கேட்டது. ஆடிக்குள் சின்னக் குழிகளுக்கும் வந்தது. நமது றோட்டில் குழியில்லாத இடத்தைத்தான் தேட வேண்டும், ஆகையால் புங்குடுதீவில் இருந்து வேலணைக்குக் கடலுக்கு நடுவே போகும் தாம்போதி வீதி முழுவதும் 'கடக், கடக்' என்றுதான் பயணம். சனம் சும்மா இருக்குமா? "ஏரம்பற்றை கார் வருது, உலை வையுங்கோ" என்று வீதியோர வீடுகளில் நேரம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஏரம்பரும் கூடச் சேர்ந்து சிரித்தார். "கோன் வேலைசெய்யாத காருக்கு இதாவது இருக்கட்டும்" என்றார்.

சிரிப்பு நின்றது ஆவணியில். அவருடைய ஒரே மகள் பரிமளம் தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்தாள். மருமகன் மேற்கு ஜேர்மனியில். ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் நான் காருக்காகக் காத்து அவர்கள் வீட்டு வளவுக்குள் நின்றபோது, ஏரம்பரின் மனைவி கமலாதேவி குசினிக்குள் சமைத்துக்கொண்டே ஊருக்கே கேட்கச் சொன்னார்:

"உந்தக் கடகடா வண்டியிலை என்ரை பிள்ளையை ஏத்த விடமாட்டன். குலுக்கிற குலுக்கிலை தாம்போதியிலை பிறந்திடும். பாலசிங்கத்திட்டைச் சொல்லியாச்சு. ஐப்பசியிலை அவன்ரை கார் வரும்."

பாலசிங்கம் பக்கத்து வட்டாரத்தில் வாடகைக் கார் வைத்திருப்பவர். அவருடைய கேம்பிரிட்ஜ் கார் வழுக்கிக்கொண்டு போகும். ஏரம்பர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். இருபத்தாறு வருடமாகப் புங்குடுதீவுப் பிள்ளைத்தாச்சிகளை ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கார் அது. வயிற்று நோவோடு வந்த எவரிடமும் அவர் கை நீட்டிக் காசு வாங்கியதில்லை.

"ஊரார் பெத்ததெல்லாம் இவன்ரை சீற்றிலை போய்த்தான் பெத்ததுகள். என்ரை பிள்ளை மட்டும் பாலசிங்கத்தின்ரை காரிலை போறதோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "அவள் இவனிலைதான் போகவேணும் மாஸ்டர். ஐப்பசிக்கு முன்னம் இந்தச் சத்தத்தை நிப்பாட்டிறன்" என்றார்.

அடுத்த நாள் தாம்போதியில் காரை மெல்ல விட்டு, கழுத்தை வளைத்துக் கவனமாகக் கேட்டார். "இடப்பக்கந்தான். முன் இடப்பக்கம். என்ன மாஸ்டர்?"

இங்கேதான் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். உண்மையில் நான் அப்போது, வீட்டில் கட்டித்தந்த இடியப்பத்துக்குச் சம்பல் வைத்தார்களா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சத்தம் எந்தப் பக்கம் என்று கடவுளாணை கவனிக்கவில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்புக்கு 'ஒலி' என்ற பாடத்தை வருடாவருடம் நடத்துகிற ஒருவன் 'தெரியாது' என்று சொல்வதா? "சந்தேகமில்லாமல் இடப்பக்கம்தான் அண்ணை. காலடியிலை அதிர்வு தெரியுது" என்றேன்.

பின்னாலிருந்து மரியமுத்து, "ஐயா, எனக்குக் கீழையெல்லோ இடிக்குது. இந்தப் பக்கம்" என்றார்.

நான் திரும்பி உட்கார்ந்து விளக்கினேன். சத்தம் இடப்பக்கத்தில் பிறந்து, வலப்பக்கக் கதவில் பட்டுத் தெறித்து, அவருடைய காதுக்கு வருகிறது என்றேன். கிணற்றுக்குள் கூப்பிட்டால் திரும்பிக் கேட்பதில்லையா என்று உதாரணமும் காட்டினேன். மரியமுத்து கருவாட்டுக் கடகத்தை மடியில் ஏற்றி அணைத்துக்கொண்டு, "அப்பிடியோ ஐயா" என்றார். பாடம் விளங்கிவிட்டது என்று நான் நினைத்தேன்.

முன்சில்லை, அதாவது முன்சக்கரத்தை, தாங்கித் திருப்புகிற தடித்த இரும்புக் கம்பிக்குக் 'கிங்பின்' என்று பெயர். அதைச் சுற்றிப் பித்தளைப் புஷ்களும், மேலே றப்பர்ப் புஷ்களும் இருக்கும். அவை தேய்ந்தால் சில்லு ஆடும், ஆடினால் இடிக்கும். இந்தச் சாமான்கள் வாங்க ஏரம்பர் யாழ்ப்பாணம் போனார். கொழும்புச் சாமான் ஒழுங்காக வராத காலம். நாலு கடை ஏறி இறங்கியதில் ஒரு சில்லுக்கு மட்டுமே கிடைத்தது. "மற்றதுக்கு இனி எப்பவோ தெரியாது எண்டிட்டான். எங்களுக்கு இடப்பக்கம் மட்டுந்தானே வேணும்" என்று கந்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். நானும் ஆமோதித்தேன்.

ஏரம்பரின் வளவில் கராஜ் கிடையாது. பின்பக்கத்தில் முன்னொரு காலத்தில் சுண்ணாம்புக்கல் எடுத்த குழி ஒன்று உண்டு. அதன் குறுக்கே இரண்டு பனங்குற்றிகளைப் போட்டு, அவற்றின் மேல் காரை ஏற்றுவார். கீழே குழிக்குள் நின்று வேலை செய்யலாம். குற்றிகளின் மேல் சில்லு சரியாக ஏறுகிறதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை நானாகவே கேட்டு வாங்கினேன். 'வரட்டும் வரட்டும்' என்று கையைக் காட்டியதில் நானே குழிக்குள் விழுந்தேன். அதற்குப் பிறகு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் வேலை தரப்பட்டது.

உப்புக்காற்றில் கிங்பின் இறுகிப்போயிருந்தது. இரண்டு நாள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, ஒரு பித்தளைத் துண்டை வைத்து ஏரம்பர் அடித்தார். நூறாவது அடியிலோ நூற்றிருபதாவதிலோ வந்தது. துடைத்துப் பார்த்தால் பளபளவென்று கத்திபோல் மின்னியது. "இது தேயேல்லைப் போல கிடக்கே" என்றார் ஏரம்பர். "தேய்வு கண்ணுக்குத் தெரியாது அண்ணை, மில்லிமீற்றர்க் கணக்கு" என்றேன் நான். கமலாதேவி அந்தப் பழைய கிங்பின்னைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்ப் பாக்கு இடிக்க வைத்துக்கொண்டார்.

புதுச் சாமான் பூட்டி, கிறீஸ் அடித்து, தாம்போதிக்குப் போனோம். 'கடக்.'

"அப்ப சொக்கப்சோபர்" என்றார். குலுக்கல் தாங்கும் இடப்பக்கத்துச் சொக்கப்சோபருக்கு எண்ணெய் மாற்றினோம். 'கடக்.' பழைய லொறி ரயரை வெட்டி இடப்பக்கச் சுருள்வில்லுக்குக் கீழே வைத்தார். 'கடக்' நிற்கவில்லை. கார் இடப்பக்கம் இரண்டு அங்குலம் உயர்ந்ததுதான் மிச்சம். ஒரு வாரம் நான் மற்றவர்களைவிடச் சற்று உயரத்தில் இருந்து உலகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் ஏரம்பர் "இடப்பக்கந்தானே மாஸ்டர்?" என்று கேட்டார், ஒவ்வொரு தரமும் நான் தலையாட்டினேன். புரட்டாசியும் முடிந்துகொண்டிருந்தது. மாரி பிறந்தால் கல்லுக்குழி நிரம்பிவிடும், பிறகு தை வரைக்கும் காருக்குக் கீழே போக ஏலாது. ஏரம்பர் சவரம் செய்வதை விட்டுவிட்டார். கமலாதேவி பாலசிங்கத்துக்கு இன்னொரு தரம் ஆள் அனுப்பினார்.

அந்த வாரம் ஒருநாள் மரியமுத்து தன் தாயாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். காலில் புண், மடக்க ஏலாது. ஆகவே முன் சீற்றை அந்த ஆச்சிக்கு விட்டுக்கொடுத்து, ஒன்பது வருடத்தில் முதல்முறையாக நான் பின்னால் போனேன். கருவாட்டுக் கடகங்களை மற்றப் பக்கம் தள்ளி, ஏரம்பருக்கு நேர் பின்னால் எனக்கு இடம் செய்து தந்தார் மரியமுத்து.

தாம்போதியில் முதல் குழி வந்தது. என் ஆசனத்துக்குக் கீழே யாரோ உலக்கையால் இடித்தார்கள். ஐயோ கடவுளே! அடுத்த குழியிலும் அதே இடத்தில் அதே இடி. சந்தேகமில்லாமல், தெறிப்பும் இல்லாமல், கிணறும் இல்லாமல், அது வலப்பக்கம். அது மட்டுமா, பழுது இடப்பக்கம் என்று நம்பி ஏரம்பர் அந்தப் பக்கத்துக் குழிகளை எல்லாம் நெளித்து நெளித்து விலக்கினார், வலப்பக்கத்தில் வந்த ஒவ்வொன்றிலும் கொண்டுபோய் இறக்கினார். முன் சீற்றில் இருந்து ஒன்பது வருடத்தில் நான் காணாத காட்சி.

"ஏரம்பண்ணை! வலப்பக்கம்! வலப்பக்கம்!" என்று அவருடைய காதுக்குப் பின்னால் கத்தினேன். அவர் திரும்பவில்லை. இன்னும் கிட்டப்போய்க் கத்தினேன். வெற்றிலையை மென்றுகொண்டு அவர்பாட்டுக்கு ஓட்டினார்.

மரியமுத்து என் கையைப் பிடித்தார். "அந்த வலக்காதிலை சொல்லாதேங்கோ ஐயா. அது கேக்காது. தாம்போதிக் காத்து அடிச்சு அடிச்சு அடைச்சுப் போச்சு."

"உங்களுக்கு எப்ப தெரியும்?" என்றேன்.

"இப்ப ஆறேழு வருசம். அதாலைதானே இறங்கிறதெண்டா உங்களிட்டைச் சொல்லுறனான். நீங்கள் அவருக்குக் கேக்கிற பக்கம் இருக்கிறியள்."

பின் சீற்றில் இருந்த மற்ற இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கும் தெரியும் என்பது அந்தப் பார்வையிலேயே விளங்கியது. ஒரு காதால் மட்டும் கேட்பவனுக்கு எல்லாச் சத்தமும் அந்தப் பக்கத்திலிருந்தே வருவதுபோல் இருக்கும். இதை நான் கரும்பலகையில் இரண்டு காது கீறிப் படிப்பித்திருக்கிறேன். பரீட்சையில் ஐந்து புள்ளி கொடுத்திருக்கிறேன். வெட்கத்தில் கருவாட்டுக் கடகத்துக்குள் தலையை விட்டுக்கொள்ளலாம் போல் இருந்தது.

அன்று பின்னேரம் ஏரம்பரின் வளவுக்குப் போனேன். அவர் இன்னொரு ரயர்த் துண்டை வெட்டிக்கொண்டிருந்தார். அவருடைய இடப்பக்கமாகப் போய்க் குந்தினேன். குசினிக்குள் கமலாதேவி பாக்கு இடிக்கும் சத்தம் கேட்டது. பரிமளம் மாமரத்தின் கீழ் கதிரையில் இருந்தாள். 'உங்களுக்குக் காது கேட்காது' என்று வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வசனத்தை, அவருடைய முகத்தில் வளர்ந்திருந்த நரைத்தாடியைக் கண்டதும் மாற்றிச் சொன்னேன்.

"ஏரம்பண்ணை, நான் ஒரு பிழை விட்டிட்டன். சத்தம் இடப்பக்கம் இல்லை. நான்தான் கவனிக்காமல் சொன்னனான். வலப்பக்கம்."

வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தி, குசினிக்குக் கேட்கச் சொன்னார்:

"அப்ப நீர்தான் என்னைக் குழப்பினனீர்?"

"ஓம் அண்ணை."

"மூண்டு தரமும்?"

"மூண்டு தரமும்."

"பாத்தியே கமலாதேவி? படிச்ச ஆக்களின்ரை கதையைக் கேட்டா இதுதான் கதி!"

ஒன்பது வருடமாக 'நீங்கள்' என்றிருந்தவன் அன்றிலிருந்து 'நீர்' ஆகிவிட்டேன். அடுத்த நாள் காலை குறிகட்டுவானில் எல்லாருக்கும் செய்தி தெரிந்திருந்தது. என் வகுப்பில் ஒருவன், "சேர், இடக்கை எது?" என்று கேட்டான்.

வலப்பக்கத்துக்குச் சாமான் எங்கே? கடைகளில் இல்லை. ஏரம்பர் யோசித்துவிட்டு நேரே குசினிக்குள் போய், பாக்குரலுக்குள் இருந்த கிங்பின்னை எடுத்து வந்தார். இடப்பக்கத்தில் கழற்றிய பழைய புஷ்களும் ஒரு பால்மா ரின்னில் கிடந்தன. எல்லாம் திறமாக இருந்தன. கருமுகில் கட்டிக்கொண்டு வந்த ஒரு சனிக்கிழமை, காரைக் குற்றியில் ஏற்றினோம். என்னைத் தூர நிற்கச் சொன்னார்கள். வலப்பக்கக் கிங்பின் இரண்டு அடியில் விழுந்துவிட்டது. நடுப்பகுதி சப்பித் துப்பிய கரும்புபோல் இருந்தது. றப்பர்ப் புஷ் கைபட்டதும் உதிர்ந்தது. மழைத் துளி விழ, ஏரம்பர் கடைசி நட்டை இறுக்கிவிட்டுக் குழிக்குள்ளிருந்து ஏறினார்.

பரீட்சித்தவர் கமலாதேவி. ஒரு செம்பு நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு, யாரையும் கேளாமல், பின் சீற்றில் வலப்பக்கமாக ஏறி உட்கார்ந்தார். தாம்போதியின் அந்தத் தலைப்புக்குப் போய்த் திரும்பும்வரை செம்பில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. வளவுக்குள் வந்து இறங்கியதும், மிச்சத் தண்ணீரை மாமரத்துக்கு ஊற்றினார். மிச்சம் என்ன மிச்சம், முக்கால்வாசிக்கு மேல் இருந்தது. "இஞ்சேருங்கோ, பாலசிங்கத்துக்கு வரவேண்டாமெண்டு சொல்லிவிடுங்கோ" என்றுவிட்டுக் குசினிக்குள் போனார். ஏரம்பர் அன்றைக்கே சவரம் செய்தார்.

ஐப்பசிக் கடைசியில், மழை அடித்து ஊற்றிய ஒரு காலை, பரிமளத்துக்கு நோ தொடங்கியது. லோஞ்சு இல்லை, பஸ்ஸும் இல்லை. பள்ளிக்கூடம் போக நின்ற என்னை ஒரு துணைக்கென்று முன்னால் ஏறச் சொன்னார்கள். தாயும் மகளும் பின்னால். தாம்போதியின் இரு பக்கமும் கடல் றோட்டுக்குச் சமமாக நின்றது. வலப்பக்கத்துக் குழிகளை நான் கையால் காட்டினேன், ஏரம்பர் விலக்கினார். ஆஸ்பத்திரிப் படலை வரை கார் ஒரு முனகல்கூட இல்லாமல் போனது.

பத்து மணிபோல், பிரசவ அறைக்கு வெளியே விறாந்தையில் நின்றோம். கமலாதேவி உள்ளே. ஏரம்பர் அறைக் கதவு தன் வலப்பக்கமாக இருக்க, முற்றத்தில் நனைந்துகொண்டு நின்ற காரைப் பார்த்தபடி நின்றார். நோட்டம் அதில், நெஞ்சு அறைக்குள். கை இரண்டும் சாரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தன.

"வேலணை முழுக்கக் குழி மாஸ்டர். எண்டாலும் அவள் ஒருக்கால்கூட அம்மா எண்டு கத்தேல்லை, பாத்தீரே?"

"ஓம் அண்ணை."

அப்போதுதான் கதவுக்குள் இருந்து வந்தது, வீரென்று, புத்தம்புதிய ஓர் அழுகை. விறாந்தையில் நின்ற எல்லாரும் திரும்பினார்கள். மழைக்கு மேலாக மறுபடியும் கேட்டது.

ஏரம்பர் காரைப் பார்த்துக்கொண்டே, "ஒரு சத்தம் கேட்டுதோ? சொல்லும், வீட்டிலையிருந்து இஞ்சை வரைக்கும் இவனிலை ஒரு சத்தம் கேட்டுதோ?" என்றார்.

கதவைத் திறந்துகொண்டு கமலாதேவி வெளியே வந்தார். முகம் முழுக்க வியர்வை. கணவரையும், அவர் நின்ற நிலையையும் பார்த்தார். கிட்ட வந்து, இரண்டு தோள்களிலும் கைவைத்து அவரை மெல்லத் திருப்பி, இடது காது கதவுப் பக்கம் வரும்படி நிறுத்தினார்.